நோயாளி உடாங் மேரா

ஜெகதீஸ்வரியின் தலைக்குள், மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில், ஏழு மில்லிமீட்டருக்கு ஒரு கொப்புளம் கட்டியிருந்தது. மூன்று வாரமாகத் தலைவலி என்று போனவளைப் படம் எடுத்துப் பார்த்ததில் தெரியவந்த விஷயம்.

அவள் பிறை என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவள். வேலையும் கண் வேலைதான். சில்லுகளின் எக்ஸ்ரே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஈயப் பற்றில் மயிரிழை விரிசல் உண்டா என்று சொல்ல வேண்டும். அதனால், ஜார்ஜ் டவுனிலிருந்த தஞ்சோங் மூளை நிலையத்தில் டாக்டர் சுஹானா அவளுடைய படத்தைத் திரையில் போட்டதுமே, டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அவளே விரலை வைத்துவிட்டாள்.

"இதானே டாக்டர்? எங்க பேக்டரில இதை ரிஜெக்ட்னு தள்ளிருவோம்."

"இங்க தள்ள முடியாது லா அக்கா, சரிபண்ணணும்," என்றாள் சுஹானா. "தொடையில சின்னதா ஒரு துளை. அது வழியா நூல் மாதிரி ஒரு குழாய் மேல போகும். கொப்புளத்து வாசல்ல ஒரு வலையை விரிச்சு வெச்சிட்டா, இரத்தம் உள்ள போகாம நேரா ஓடும். தலையைத் திறக்க வேண்டியதே இல்ல. ஆனா வலைக்கம்பி உங்க முடியைவிட மெலிசு. எங்கயாச்சும் மடங்கிக்கிட்டா ஆபத்து. பழைய மெஷின்ல அது மங்கலா நிழல் மாதிரி தெரியும். புதுசுல ஒவ்வொரு கம்பியையும் எண்ணலாம்."

"புது மெஷின் எப்ப வரும்?"

"வந்து நாலு மாசம் ஆச்சு."

டாக்டர் அவளையும் அவள் கணவன் அர்ஜுனனையும் கூட்டிப்போய்க் கண்ணாடிக் கதவு வழியாகக் காட்டினாள். இரண்டு பெரிய வளைந்த கைகளோடு வெள்ளை வெளேரென்று நின்றது இயந்திரம். இரண்டு கைகளையும் சேர்த்து ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி, நடுவில் பூசணிக்காய் அளவுக்கு முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

"கட்டு எதுக்கு டாக்டர்? கெட்டுப்போச்சா?" என்றான் அர்ஜுனன். அவனுக்கு ஜுருவில் கார்களுக்குச் சாயம் அடிக்கும் பட்டறை.

"நல்லா ஓடுது அண்ணே. இன்னும் திறப்பு விழா நடக்கல. இந்தத் தொகுதி ஒய்.பி. மூணு தடவை தேதி குடுத்து மாத்திட்டாரு."

"அப்ப பழைய மெஷின்?"

"புதுசுக்கு இடம் வேணும்னு அதைக் கழட்டி அனுப்பிட்டாங்க."

வேறு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டான் அர்ஜுனன். சுஹானா மேசையிலிருந்து ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்துக் காட்டினாள். அதில் 'எங்களிடம் இயந்திரம் இல்லை' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. இயந்திரம் இருந்தது. 'இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை' என்பதற்குக் கட்டம் கிடையாது. கட்டம் சேர்க்கச் சொல்லி அவள் எழுதிய கடிதம், பாரங்கள் குழுவின் பரிசீலனையில் இருந்தது. குழு, திறப்பு விழா ஏற்பாட்டில் இருந்தது.

"வெடிச்சிருமா டாக்டர்?" என்று கேட்டாள் ஜெகதீஸ்வரி.

சுஹானா பொய் சொல்லவில்லை. "எப்பன்னு சொல்ல முடியாது அக்கா. கோபப்படாதீங்க. பிரஷர் ஏறக் கூடாது."

கோபப்படக் கூடாது என்ற மருந்துச் சீட்டோடு அவளைப் பதிவு முகப்புக்கு அனுப்பினார்கள்.

அங்கே புகைப்படத்தில் தகராறு. புதிய பிரிவுக்கு 'நுண்தெளிவுப் பிரிவு' என்று பெயர் வைத்துவிட்டதால், அதன் கோப்பில் இருக்கும் எந்தப் படமும் நுண்தெளிவாக இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. ஜெகதீஸ்வரி கொடுத்த பாஸ்போர்ட் படத்தை முகப்புப் பெண் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, புருவத்தில் முடிகள் தனித்தனியாகத் தெரியவில்லை என்று திருப்பிக் கொடுத்தாள். லிட்டில் இந்தியாவில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனார்கள். ஸ்டூடியோக்காரன் நல்ல மனிதன். முகத்தைப் பளிச்சென்று ஆக்கித்தருகிறேன் என்று கன்னத்து மச்சத்தையும் சேர்த்து அழித்துவிட்டான். ஐ.சி. அடையாள அட்டையில் மச்சம் இருக்கிறது, படத்தில் இல்லை, ஆகவே இது வேறு பெண் என்றாள் முகப்புப் பெண். அடுத்த ஸ்டூடியோவில் மச்சம் வந்தது, காது போயிற்று. ஐந்தாவது படம் எல்லாம் சரியாக இருந்தது. அதை முகப்பிலிருந்த நகல் இயந்திரத்தில் போட்டு எடுத்தபோது, கறுப்பாக ஒரு சதுரம் மட்டும் வந்தது. அந்தச் சதுரம் தெளிவாக இல்லை என்று நிராகரித்தார்கள்.

ஒவ்வொரு தடவையும் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி வந்து திரும்பினாள். அலையில் பெர்ரி ஆடும்போதெல்லாம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொள்வாள், நிறைந்த குடத்தைப் பிடிப்பதுபோல. சமைக்கும்போது தாளிக்கும் சத்தத்துக்கே பயந்தாள். அர்ஜுனன் வீட்டில் கதவைச் சாத்துவதை விட்டுவிட்டான்.

இதற்கிடையில் ஒய்.பி. நான்காவது தேதியைக் கொடுத்துவிட்டார். நிலையத்தின் இயக்குநர் டத்தோ ஹாரிஸ் 'முதல் நோயாளித் தேர்வுக் குழு'வைக் கூட்டினார். சுஹானா ஜெகதீஸ்வரியின் பெயரைக் கொடுத்து, அவளை நேரிலும் கொண்டுபோய் நிறுத்தினாள்.

டத்தோ அன்பான மனிதர். அவளை உட்காரச் சொல்லி, மைலோ வரவழைத்துக் கொடுத்தார். பிறகு மலாயில் விளக்கினார்.

"அம்மா, தவறாக நினைக்கக் கூடாது. இந்த இயந்திரம் வந்த ஐந்து மாதத்தில் இதில் ஒரு நோயாளிகூடச் சாகவில்லை. ஒரு சிக்கல் இல்லை. ஒரு புகார் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் ஒருவரும் இல்லை, ஏனென்றால் பட்டியலை நாங்கள் இன்னும் ஆரம்பிக்கவில்லை. இந்த வட்டாரத்திலேயே இப்படி ஒரு சாதனை வேறு யாருக்கும் கிடையாது. இந்த நேரத்தில் உங்களைப்போல நோய் உள்ள ஒருவரை உள்ளே விடுவது என்றால் யோசிக்க வேண்டாமா?"

"நோய் இல்லாதவங்களுக்கு மெஷின் எதுக்கு டத்தோ?" என்றாள் ஜெகதீஸ்வரி.

"அதைத்தான் நானும் குழுவில் சொன்னேன்," என்றார் டத்தோ மகிழ்ச்சியாக. "முதல் நோயாளி நல்ல ஆரோக்கியமானவராக இருக்க வேண்டும். ஆனால் நோய் இல்லாத ஆளுக்குக் கதிர் பாய்ச்சக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டத்தை நாங்கள் மீறவே மாட்டோம். ஆகவே யாரையும் படுக்கவைப்பதில்லை என்று முடிவு."

பக்கத்திலிருந்த மக்கள் தொடர்பு அதிகாரி ரொஸ்னா, ஜெகதீஸ்வரியின் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "கேமராவுக்கும் இது அவ்வளவு நல்லா இருக்காது. குழாய் எல்லாம் கோணலா போகுது."

ஜெகதீஸ்வரிக்கு அழுகை வந்தது. அழுதால் பிரஷர் ஏறுமோ என்று அதையும் விழுங்கிக்கொண்டு வந்தாள்.

திறப்பு விழா ஒரு திங்கட்கிழமை. அன்றும் அவள் ஆறாவது படத்தோடு வந்திருந்தாள். வாசலில் கொம்பாங் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒய்.பி. காரிலிருந்து இறங்கினார். அவர் பின்னால் உதவியாளர் ஒரு டுரியானைக் கூடையில் வைத்து ஏந்தி வந்தார். பாலேக் பூலாவில் ஒய்.பி.யின் சொந்தத் தோட்டத்துப் பழம். உடாங் மேரா ரகம், நாலு கிலோ. டத்தோவுக்கு அன்பளிப்பு.

காவலாளி சிக்கந்தர் கதவை மறித்தார். அவர் தலைக்கு மேல், டுரியானைக் குறுக்குக் கோடு போட்டு அடித்த பலகை தொங்கியது.

"டுரியான் தாக் போலே," என்றார். "வாடை தாங்காது, உள்ள விடக் கூடாது. இருபது வருசமா இதான் ரூல்."

"இது ஒய்.பி.யோட டுரியான்," என்றாள் ரொஸ்னா.

"யாரோடதா இருந்தாலும் பார்வையாளர் டுரியான் கொண்டாறக் கூடாதுன்னு போட்டிருக்கு."

எல்லோரும் பலகையைப் படித்தார்கள். அப்படித்தான் போட்டிருந்தது. ஒய்.பி. முகம் சுருங்கத் தொடங்கியது. கொம்பாங்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து அடித்தார்கள். அப்போது டத்தோவுக்கு ஒரு யோசனை வந்தது. பார்வையாளர் கொண்டுவருவதுதானே குற்றம்? பழமே நோயாளியாக வந்தால்?

சக்கர நாற்காலி வந்தது. டுரியானை அதில் வைத்து, கீழே விழாமல் பெல்ட் போட்டு, பதிவு முகப்புக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆறு வாரமாக ஜெகதீஸ்வரியைப் பாடாய்ப் படுத்திய அதே முகப்பு. பெயர் உடாங் மேரா. வயது மூன்று மாதம். பிறந்த ஊர் பாலேக் பூலா. ஒவ்வாமை ஏதும் இல்லை. ஒய்.பி.யின் புகைப்படக்காரர் ஒரு படம் எடுத்தார். ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாகத் தெரிந்தது.

"இதான் நுண்தெளிவு," என்றாள் முகப்புப் பெண், ஜெகதீஸ்வரியைப் பார்த்து. "இந்த மாதிரி கொண்டாந்திருந்தா அன்னிக்கே முடிச்சிருப்பேன் லா அக்கா."

பதினொரு நிமிடத்தில் கோப்பு தயார். காம்பில் நோயாளிப் பட்டை கட்டினார்கள்.

ரிப்பனை வெட்டியதும் ஒய்.பி. இயந்திரம் ஓடுவதைப் பார்க்க ஆசைப்பட்டார். மனிதரைப் படுக்கவைக்கத் தடை. டுரியானைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. அதுவோ பதிவான நோயாளி. மேசையில் கிடத்திப் பச்சைத் துணி போர்த்தினார்கள். வேறு வழி இல்லாமல் சுஹானாதான் ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு பெடலை மிதித்தாள்.

வெளியே பெரிய திரையில் படம் வந்தது. கூட்டம் ஆவென்றது. ஜெகதீஸ்வரியும் தன்னை மறந்து முன்னால் போய்விட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் இப்படி ஒரு படம் பார்த்ததில்லை. தோலின் நார், சுளையின் விளிம்பு, கொட்டையின் ஓடு, எல்லாம் பென்சிலால் கோடு போட்டதுபோல இருந்தன. பழத்தின் மூன்றாவது அறையில் நூல்போல ஒரு பாதை வளைந்து போவதை அவள் கண் உடனே பிடித்தது.

"அங்க பாருங்க, புழு போயிருக்கு," என்றாள்.

அது ஒய்.பி. காதில் விழுந்துவிட்டது. அவருடைய தோட்டத்துப் பழத்தில் புழு. பத்திரிகைக்காரர்கள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள்.

டத்தோ ஒலிவாங்கியைப் பிடித்தார். "ஒய்.பி. அவர்கள் பெருந்தன்மையோடு நோயுள்ள பழத்தைத் தேர்ந்து கொண்டுவந்திருக்கிறார்கள்! நோயாளி உடாங் மேராவுக்கு உள்ளே குழாய் வடிவில் ஒரு கோளாறு. பழைய காலமாக இருந்தால் பிளந்துதான் பார்த்திருப்பார்கள். நாங்கள் பிளக்க மாட்டோம். ஒரு சின்னத் துளை போதும். அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இந்த நிலையத்தின் முதல் சிகிச்சை இவருக்கே!"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. ஒய்.பி. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உடாங் மேராவை வார்டில் சேர்த்தார்கள், ஆறாம் எண் கட்டிலில். வியாழனுக்கு அறை ஒதுக்கி, மயக்க மருந்து நிபுணரை வரச் சொல்லி, கிடங்கிலிருந்து வலையையும் குழாய்களையும் அவர் பெயரில் எடுத்து வைத்தார்கள். டத்தோ எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை சுஹானா ஜெகதீஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டாள். ஒரு மாத்திரைப் பட்டையைக் கையில் வைத்தாள்.

"இரத்தம் உறையாம இருக்குறதுக்கு. இன்னைலேருந்து தினமும் போடுங்க. அடுத்த வியாழன் வெறும் வயித்தோட வாங்க."

"என் பேருல கோப்பே திறக்கலையே டாக்டர்."

"வாங்க அக்கா. வந்து அந்த பெஞ்சுல உக்காருங்க. போதும்."

ஞாயிற்றுக்கிழமை டுரியான் தானாகப் பழுத்து வெடித்தது. திங்கட்கிழமை காலை ஆறாம் கட்டிலில் ஓடும் ஏழு கொட்டையும்தான் இருந்தன. கட்டிலின் தலைமாட்டில் 'வாய்வழி உணவு கூடாது' என்ற அட்டை மட்டும் அப்படியே தொங்கியது. விசாரணைக்கு மூன்று பேர் குழு போட்டார்கள். குழு கூடியபோது மூன்று பேர் வாயிலும் ஒரே வாசனை அடித்தது. நோயாளி சொந்தப் பொறுப்பில் வெளியேறிவிட்டார் என்று ஒருமனதாக அறிக்கை கொடுத்தார்கள்.

டத்தோ அறிக்கையைக் கிழித்துப் போட்டார். முதல் சிகிச்சையே ரத்து என்றால் ஒய்.பி. முகத்தில் எப்படி விழிப்பது? வியாழன் காலை எட்டரைக்கு அவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு நடைகூடத்தில் மேலும் கீழும் நடந்தார்.

"உடாங் மேரா பேருல யாரையாச்சும் படுக்கவைக்கணும்," என்றார் சுஹானாவிடம். "மேசை காலியா இருக்கக் கூடாது."

"நோய் உள்ளவங்க பரவாயில்லையா டத்தோ?"

"நோய் இருந்தாத்தானே டாக்டர், சிகிச்சை!" என்று கத்தினார் டத்தோ. அவர் சொன்னதிலேயே அது ஒன்றுதான் அவள் குறித்து வைத்துக்கொண்டது.

சுஹானா பெஞ்சுக்கு வந்தாள். ஜெகதீஸ்வரி வெறும் வயிற்றோடு கைப்பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அர்ஜுனன் எழுந்துவிட்டான்.

"என்னா டாக்டர் இது? என் பொண்டாட்டிய டுரியான்னு எழுதுவீங்களா? நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரைன்னு போய்க் கேப்பேன்? டுரியான் செத்துப்போச்சும்பாங்க!"

"உள்ள அவங்க இரத்த வகை, மாத்திரை, படம் எல்லாம் அவங்க பேருல என் கையில இருக்கு அண்ணே. மேலட்டைல மட்டும்தான் டுரியான்," என்றாள் சுஹானா. "நான் செய்யுறது சரியான்னு கேட்டா, சரியில்லதான். ஆனா இன்னிக்கு விட்டா அடுத்தது எப்பன்னு எனக்கே தெரியாது."

அர்ஜுனன் மனைவியைப் பார்த்தான். அவள் முகம் வெளுத்திருந்தது. குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"ஏங்க, ஆறு வாரமா நான் ஜெகதீஸ்வரியா வந்து நின்னேன். ஒருத்தரும் ஏறெடுத்துப் பாக்கல. அந்தப் பழம் ஒரு நாள் வந்துச்சு, நாற்காலி குடுத்தாங்க. விடுங்க, போயிட்டு வர்றேன்."

சம்மதப் பாரத்தில் 'நோயாளியால் கையெழுத்திட இயலாவிட்டால், உறவினர்' என்ற இடம் இருந்தது. உடாங் மேராவின் உறவினர் என்று ஜெகதீஸ்வரி தானே கையெழுத்துப் போட்டாள். உறவுமுறை என்ன என்று முகப்புப் பெண் கேட்டாள். "ரொம்ப நெருக்கம்," என்றாள் ஜெகதீஸ்வரி.

மேசை சில்லென்று இருந்தது. இயந்திரத்தின் இரண்டு கைகளும் அவள் தலையைச் சுற்றி மெல்ல வந்து நின்றன. மயக்கம் ஏறும்வரை சுஹானா அவள் கையைப் பிடித்திருந்தாள். "பேரு சொல்லுங்க அக்கா," என்றாள் வழக்கம்போல. ஜெகதீஸ்வரிக்கு ஒரு கணம் எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரியவில்லை. தன் பெயரையே சொன்னாள். உள்ளே இருந்த நர்சுகள் யாரும் திருத்தவில்லை.

மூன்று மணிநேரம். வெளியே அர்ஜுனன் ஒரு இடத்தில் நிற்காமல் நடந்தான். சிக்கந்தர் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு அவனை உட்காரவைத்தார். கதவு திறந்து சுஹானா வந்தபோது அவள் முதுகெல்லாம் வியர்த்திருந்தது.

"ஒரு ஓரத்துல வலை விரியல அண்ணே. ரெண்டு கம்பி மடங்கி நின்னுச்சு. பழைய மெஷினா இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. பாத்து விரிச்சு விட்டுட்டேன். கண்ணு முழிச்சிட்டாங்க. உங்களைத்தான் கேக்குறாங்க."

அர்ஜுனன் தன் பெரிய உடம்போடு சிக்கந்தரின் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மறுநாள் பத்திரிகையாளர் கூட்டத்தில் டத்தோ பேசினார். முதல் நோயாளி உடாங் மேரா பூரண நலம். சிகிச்சையின்போது ஒரு முனகல்கூட இல்லை. மருத்துவர்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எல்லா நோயாளிகளும் இவரைப்போல இருந்துவிட்டால் நாட்டின் சுகாதாரம் எங்கேயோ போய்விடும். ஒரு நிருபர் டுரியானைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். டத்தோவின் முகம் கடுமையானது. "நோயாளியின் அந்தரங்கத்தை நாங்கள் உயிராக மதிக்கிறோம்," என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஜெகதீஸ்வரிக்கு ஒரு கடிதம் வந்தது. தெளிவான புகைப்படம் கொடுக்கத் தவறியதால் அவளுடைய விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படுவதாகவும், இதனால் அவளுக்கு நோய் இல்லை என்று நிலையம் முடிவு செய்திருப்பதாகவும் எழுதியிருந்தது. அதே உறையில், மேற்படி முகவரியில் வசிக்கும் உடாங் மேரா சிகிச்சை முடிந்த ஆறாம் மாதம் மறுபரிசோதனைக்கு வர வேண்டும் என்று இன்னொரு தாள்.

ஆறாம் மாதம் போனார்கள். காத்திருக்கும் கூடம் நிறைந்திருந்தது. உட்கார இடம் தேடிய ஜெகதீஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள். ஒரு சீனக் கிழவர் மடியில் பொமெலோ பழம் வைத்திருந்தார். ஒரு மலாய்க்கார அம்மா காலடியில் சாக்கு நிறைய மங்குஸ்தான். முகப்பில் 'பழங்கள் இங்கே' என்று புதிதாக ஒரு வரிசையே போட்டிருந்தார்கள். அது வேகமாக நகர்ந்தது. பக்கத்தில் 'மற்றவர்கள்' வரிசையில் ஒருவரும் இல்லை.

ஓரத்துப் பெஞ்சில் ஒரு தமிழ்ப் பெண், மடி கொள்ளாத ஒரு பலாப்பழத்தைச் சேலைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கணவர், வெளுத்துப்போய், இரண்டு கையாலும் தலையைப் பிடித்தபடி. ஜெகதீஸ்வரி அருகில் போய் உட்கார்ந்தாள்.

"தாசேக் கெலுகோர்லேருந்து வர்றோம் அக்கா," என்றாள் அந்தப் பெண். பெயர் தனலெட்சுமி. "இவருக்குத் தலையில கொப்புளமாம். மனுசனா வந்தப்ப அஞ்சு மாசம் இழுத்தடிச்சாங்க. வாசல்ல நிக்கிற அண்ணன்தான் சொல்லிக் குடுத்தாரு. நேத்து இதைப் பதிஞ்சோம், இன்னைக்கே ஒன்பது மணி குடுத்துட்டாங்க." குரலைத் தாழ்த்தினாள். "உள்ள போனவங்க யாராச்சும் நல்லபடியா வந்திருக்காங்களா அக்கா? உங்களுக்குத் தெரியுமா?"

"வந்திருக்காங்க," என்றாள் ஜெகதீஸ்வரி. "நான் வந்திருக்கேன். அந்த டாக்டர் கம்பி கம்பியாப் பாத்துச் செய்வாங்க. பயப்படாதீங்க."

முகப்பிலிருந்து ஒலிபெருக்கி பலாப்பழத்தை மலாயில் கூப்பிட்டது. "நங்கா! நோயாளி நங்கா!"

கணவர் எழுந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். செருப்பைச் சரிசெய்துகொண்டு கதவை நோக்கி நடந்தார். கதவு மூடும்வரை தனலெட்சுமி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பலாப்பழத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். முள் குத்தியதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.